சத்தம்: இயல்பு

அக்டோபர் 6, திங்கள்

ஷிப்ட் புத்தகத்தை இன்று எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். இனி எல்லாம் டேப்லெட்டில்தானாம். விரலால் தொட்டால் போதும், எழுத வேண்டியதில்லை. வாழ்நாளெல்லாம் எழுதிய கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. கேளம்பாக்கத்தில் இறங்கி இந்த நோட்டை வாங்கி வந்தேன்.

படிக்க யாரும் இல்லை. மனைவி பிரமு கோயம்புத்தூரில் இருக்கிறாள். தலைப்பிரசவத்துக்குப் பெண்ணை நாம்தான் அழைத்து வர வேண்டும். இந்த ஒற்றை அறையில் செண்பகத்தை எங்கே படுக்க வைப்பது? அதனால் முறையைத் தலைகீழாக்கி, அம்மாக்காரி மகள் வீட்டுக்குப் போய்விட்டாள். எனக்குச் சோறு பொங்கத் தெரியும். பட்டினி கிடக்க மாட்டேன்.

வேலையைப் பற்றியும் எழுதிவைக்கிறேன். சிறுசேரியைத் தாண்டி ஒரு டேட்டா சென்டர். ஊரார் அனுப்பும் படமும் பணமும் கல்யாணப் பத்திரிகையும் இங்கேதான் பெட்டி பெட்டியாகக் குடியிருக்கின்றன. ஒரு நொடி கரண்டு போனாலும் மானம் போய்விடும். அப்படிப் போகாமல் பார்த்துக்கொள்ள நான்கு டீசல் ஜெனரேட்டர்கள். அவற்றுக்குச் சூப்பர்வைசர் ஆவுடையப்பன், அதாவது நான்.

இப்போது காம்பவுண்டின் கடைசியில் ஒரு கூடம் கட்டி, ஆறு இரும்புப் பெட்டிகளைக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். பியூயல் செல்லாம். நவம்பர் கடைசி வரை சோதனை. மின்வாரியக் கரண்டையும் டீசலையும் விட மலிவாக ஓடிக் காட்டினால் கட்டடம் முழுவதற்கும் அதையே வாங்குவார்கள். என் நான்கு எஞ்சின்களும் பழைய இரும்புக் கடைக்குப் போகும். என்னைப் புதுக் கூடத்துக்கு மாற்றிக்கொள்வதாக மேனேஜர் ஜனார்த்தனம் சொல்லியிருக்கிறார். அதற்கு ஒத்திகையாக, காலையும் மாலையும் அந்தக் கூடத்தைச் சுற்றிப் பார்ப்பது இன்று முதல் என் பொறுப்பு. சக்களத்தி பிள்ளைக்கு என்னையே தாலாட்டச் சொல்கிறார்கள்.

அக்டோபர் 9, வியாழன்

பெட்டி விற்கும் கம்பெனியிலிருந்து வந்திருக்கும் இஞ்சினியர் சுகிர்தா. மார்த்தாண்டத்துப் பெண், முப்பது வயதிருக்கும். முதல் நாளே என்னை "அண்ணாச்சி" என்று கூப்பிட்டுவிட்டாள். சண்டை போட வழியில்லாமல் போயிற்று. ஒரே குறை, வாய்க்குள்ளேயே பேசுகிறாள். இந்தக் காலத்துப் பிள்ளைகள் எல்லாருமே அப்படித்தான். எதிரில் நின்று முகம் பார்த்துப் பேசினால் விளங்குகிறது. எங்கேயோ பார்த்துக்கொண்டு பேசினால் யாருக்கு விளங்கும்?

இன்று ஒரு அட்டைப்பெட்டியைக் கிழித்து அதன்மேல் படம் போட்டுச் சொன்னாள். குழாயில் எரிவாயு வருகிறது, ஆனால் அதை எரிப்பதில்லை. உள்ளே பீங்கான் தகடுகள் எப்போதும் கனகனவென்று சூடாக இருக்கின்றன. தகட்டின் ஒரு பக்கம் எரிவாயு, மறுபக்கம் காற்று. அங்கேயே கரண்டு பிறந்துவிடுகிறது. பிஸ்டன் இல்லை, புகை இல்லை, ஆட்டம் இல்லை.

"எல்லாம் சரி தாயி, இதுல காசு எங்க மிச்சம்?" என்று கேட்டேன்.

"கரண்டோட சூடும் வருதுல்லா அண்ணாச்சி, அந்தச் சூட்ட வச்சே சர்வர் ரூமக் குளுர வைக்கோம். ஏசிக்கு ஆகுற கரண்டு மிச்சம். பின்ன, இந்தத் தகடு ஆறவே கூடாது, ஆறினா விரிசல் விழும். நிக்காம ஓடுற எடந்தான் இதுக்கு லாயக்கு. டேட்டா சென்டர் என்னிக்கு நிக்கும்? ஓடுற வரைக்கும் லாபம். நின்னா நஷ்டம். அவ்வளவுதான் கணக்கு."

சூட்டை வைத்துக் குளிர வைப்பதா என்று சிரித்தேன். அவளும் சிரித்துவிட்டு மறுபடி படம் போட்டாள். அது எனக்குப் பாதிதான் ஏறியது.

பெட்டிகளுக்குள் காற்றைத் தள்ள இரண்டு புளோயர்கள் இருக்கின்றன, மூன்று பெட்டிக்கு ஒன்று. அவற்றின் அதிர்வைப் பார்க்கும் கருவி இன்னும் வந்து சேரவில்லை. அதுவரை ஆள்தான் பக்கத்தில் நின்று காது கொடுத்துக் கேட்க வேண்டும். டேப்லெட்டில் கடைசிக் கட்டம் அதற்குத்தான். 'சத்தம்: இயல்பு' அல்லது 'சத்தம்: மாற்றம்'. இரண்டில் ஒன்றைத் தொட வேண்டும்.

"ஒங்க காத நம்பித்தான் அண்ணாச்சி நான் மத்த வேலையப் பாக்கணும்" என்றாள். என் காதின் பெருமையை யாரோ அவளிடம் சொல்லியிருக்கிறார்கள்.

அக்டோபர் 12, ஞாயிறு

துணி துவைத்தேன். கத்திரிக்காய்ப் புளிக்குழம்பு வைத்தேன், உப்புத் தூக்கல். பிரமு போன் செய்தாள். இந்த அறையில் டவர் சரியில்லை. மொட்டை மாடிக்குப் போனேன், அங்கேயும் அப்படித்தான். "சரி, சரி" என்று சொல்லி வைத்துவிட்டேன். எதற்குச் சரி சொன்னேன் என்று தெரியவில்லை.

அக்டோபர் 15, புதன்

இன்று எஞ்சின்களை ஓட்டிப் பார்க்கும் நாள். நான்கையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளப்பினேன். நெஞ்சுக்கூடு அதிர்ந்தது. மனுஷன் உயிரோடு இருக்கிறான் என்று அப்போதுதான் தெரிகிறது.

எஞ்சின் கூடத்தில் பேச்சே கிடையாது. எல்லாம் கைச்சாடைதான். விரலைச் சுழற்றினால் 'கிளப்பு', கழுத்தை அறுப்பதுபோல் காட்டினால் 'நிறுத்து', உள்ளங்கையைத் தாழ்த்தினால் 'லோடைக் குறை'. அங்கே யாரும் வாய்க்குள் முனகுவதில்லை, யாரும் திரும்பக் கேட்பதுமில்லை. காதில் அடைப்பான் வைக்கச் சொல்வார்கள். நான் வைத்ததில்லை. அடைப்பான் வைத்தால் எஞ்சினின் பேச்சு எப்படிக் கேட்கும்? ஒரு வால்வு தட்டினால் எத்தனையாவது சிலிண்டர் என்று கூடத்தின் வாசலில் நின்றே சொல்வேன். எஞ்சின் கம்பெனிக்காரர்களே என்னைக் கேட்டுவிட்டுத்தான் ஸ்பானரை எடுப்பார்கள்.

புதுக் கூடத்தில் சத்தமே இல்லை. கோயில் நடை சாத்திய பிறகு உள்ளே மாட்டிக்கொண்டவன் போல நிற்கிறேன். புளோயர் ஓடுகிறதா என்று பார்க்க அதன்மேல் கையை வைக்க வேண்டியிருக்கிறது. சத்தம்: இயல்பு.

அக்டோபர் 20, திங்கள். தீபாவளி

எண்ணெய் தேய்த்துக் குளித்தேன். முதுகுக்குத் தேய்க்க ஆளில்லை. வீட்டுக்காரம்மா அதிரசம் கொடுத்தார். என்னமோ கேட்டார், தலையை ஆட்டினேன்; ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார்.

இந்த வருஷம் ஊரில் வெடியே குறைச்சல். தெருவில் பிள்ளைகள் சரம் சரமாகக் கொளுத்துகிறார்கள், ஒன்றும் சரியாக வெடிக்கவில்லை, நமத்த சரக்கு. பெரிய குண்டு மட்டும்தான் காதில் விழுந்தது. பண்டிகை நாளில் இவ்வளவு அமைதி நல்லதில்லை. மத்தியானம் ஒரு தூக்கம் போட்டேன். பிரமு இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

அக்டோபர் 28, செவ்வாய்

கணக்கு வந்திருக்கிறது. அலுவலகச் சுவரில் ஒரு திரை மாட்டியிருக்கிறார்கள். அதில் சிவப்புக் கோடு மின்வாரியத்துக்கும் டீசலுக்கும் சேர்த்து ஒரு யூனிட்டுக்கு ஆகும் செலவு. நீலக் கம்பம் பியூயல் செல்லுடையது. இன்று கம்பம் முதல்முறையாகக் கோட்டுக்குக் கீழே இறங்கிவிட்டது. சூட்டைக் கொண்டு குளிர வைக்கும் வேலை ஆரம்பித்ததுதான் காரணமாம். சுகிர்தா சர்க்கரைப் பொங்கல் வாங்கிவந்து எல்லாருக்கும் கொடுத்தாள். என் எஞ்சின்களுக்குக் கருமாதிச் சாப்பாடு என்று சொல்லிக்கொண்டே இரண்டு தொன்னை சாப்பிட்டேன்.

அவளுக்கு நவம்பர் ஐந்தாம் தேதியிலிருந்து புனேயில் வேறு வேலை. "ஒரு வாரம் அண்ணாச்சி. பாத்துக்கிடுங்க" என்றாள்.

"நீ போயிட்டு வா தாயி" என்றேன். அந்தப் பெட்டிகள்மேல் எனக்குக் கோபம் குறைந்துவிட்டது என்று அவளிடம் சொல்லவில்லை.

நவம்பர் 6, வியாழன்

மழை பிடித்துக்கொண்டது. ஜட்டி பனியன் கூடக் காயவில்லை.

மாலைச் சுற்று முடிந்து வந்தபோது கேட்டில் ஏகாம்பரம் நிறுத்தினான். செக்யூரிட்டி, கோவளத்துக்காரன், தொண்டை கட்டைத் தொண்டை, அவன் பேசினால் பக்கத்து ஊருக்கும் கேட்கும்.

"சார், அந்தப் புது ரூம்ல இன்னாமோ கீச்சு கீச்சுனு கத்துது சார். காத்தாலேருந்து."

திரும்பிப் போனேன். கூடத்துக்குள் நின்றேன். இரண்டு புளோயர் மேலும் கை வைத்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. கண்ணை மூடி நின்று கேட்டேன், ஒன்றுமே இல்லை.

"தவளையா இருக்கும்யா. மழைக்குக் கத்துது" என்றேன்.

"தவள இப்டியா சார் கத்தும்? எனக்குப் பல்லு கூசுது சார்."

"எனக்குக் கேக்காத சத்தம் ஒனக்குக் கேக்குதாக்கும்?"

அவன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். பாவம், காதில் ஏதோ கோளாறு. பூண்டுபோட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெய் இரண்டு சொட்டு விடச் சொன்னேன்.

நவம்பர் 7, வெள்ளி

மழை. சத்தம்: இயல்பு.

நவம்பர் 8, சனி

பேத்தி பிறந்திருக்கிறாள். மாப்பிள்ளைதான் முதலில் போன் செய்தார். நல்ல கனத்த குரல், ஒவ்வொரு சொல்லும் தெளிவாக இருந்தது. தாயும் பிள்ளையும் சுகம். கோவிலுக்குப் போய் விளக்கேற்றிவிட்டு, ஏகாம்பரத்துக்கும் கேன்டீன் பெண்களுக்கும் மிட்டாய் கொடுத்தேன்.

சாயங்காலம் பிரமு பேசினாள். இரைச்சலுக்கு நடுவில் பாதி பிடிபட்டது. "இந்தா கேளுங்க, ஒங்க பேத்தி எப்படிக் கத்துதா பாருங்க" என்று போனைப் பிள்ளையிடம் கொண்டுபோயிருக்கிறாள். நான் போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டேன். பிள்ளை அந்த நேரம் பார்த்து அழுகையை நிறுத்திவிட்டது போலிருக்கிறது.

"கேக்குதா?"

"கேக்குது, கேக்குது. நல்ல குரல்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று விளங்கவில்லை. டவர்தான்.

நவம்பர் 10, திங்கள்

ஏகாம்பரம் மறுபடியும் அதே பல்லவி. கேட்டிலேயே நிற்கும் நாய் கூட அந்தப் பக்கம் போக மாட்டேன் என்கிறதாம். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "எஞ்சினோட பொறந்தவன் நான். கேட்டத் தொறந்து மூடுற ஒனக்கு என்னய்யா தெரியும்?" என்று கேட்டுவிட்டேன். அவன் கேட்டைத் திறக்கப் போய்விட்டான். அப்படிப் பேசியிருக்கக் கூடாது. ஆனாலும் நாயை வைத்து எனக்குப் பாடம் நடத்தினால்?

சத்தம்: இயல்பு.

நவம்பர் 11, செவ்வாய்

காலைச் சுற்றுக்குப் போனபோது கூடத்தின் கதவு மேலே சிவப்பு விளக்கு சுழன்றுகொண்டிருந்தது. உள்ளே கருகல் வாடை. ஒரு புளோயர் இறுகி நின்றுவிட்டது. அதை நம்பியிருந்த மூன்று பெட்டிகளும் தாமாகவே நின்றுவிட்டன. எல்லாரும் ஓடிவந்தார்கள். ஜனார்த்தனம் என் தோளைப் பிடித்து உலுக்கியபோதுதான் அவர் பின்னாலிருந்து கூப்பிட்டுக்கொண்டே வந்திருக்கிறார் என்று தெரிந்தது.

மின்வாரியக் கரண்டு மழைக்குத் தள்ளாடிக்கொண்டிருந்தது. என் எஞ்சின்கள் இரண்டைக் கிளப்பினேன், முதல் சுற்றிலேயே பிடித்துக்கொண்டன. சர்வர்களுக்கு ஒரு நொடியும் கரண்டு போகவில்லை. எல்லாரும் என் முதுகைத் தட்டினார்கள். ஒரு பெட்டியில் தகடுகள் ஆறி விரிசல் விட்டுவிட்டன. மாலைக்குள் திரையில் நீலக் கம்பம் சிவப்புக் கோட்டைத் தாண்டி மேலே போய்விட்டது.

ஏகாம்பரம் தூரத்தில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் சொன்னது நினைவுக்கு வந்தது. அதைப் பற்றி எழுத இப்போது நேரமில்லை.

நவம்பர் 13, வியாழன்

சுகிர்தா வந்துவிட்டாள். பயணப் பையைக்கூட அறையில் வைக்காமல் நேராகக் கூடத்துக்கு வந்து புளோயரைப் பிரித்தாள். உள்ளே சுழலும் தண்டைத் தாங்கும் பேரிங்கை என் உள்ளங்கையில் வைத்தாள். சூட்டில் நீலம் பாரித்திருந்தது. எனக்கு எதிரில் நின்று, முகத்தைப் பார்த்து, நிதானமாகக் கேட்டாள்.

"இப்படி ஆகணும்னா நாலஞ்சு நாளு கத்திக் கெடந்திருக்கணுமே அண்ணாச்சி. ஒண்ணுமே கேக்கலியா?"

"கேக்கல தாயி."

பொய் சொல்லவில்லை. கேட்கவில்லை.

பேரிங்கை வாங்கித் துணியில் சுற்றினாள். "ஒங்களுக்கே கேக்கலன்னா சத்தம் வந்திருக்காது" என்றாள். அறிக்கையில் 'முன்னறிவிப்பு இல்லாமல் பழுது' என்று எழுதி எனக்குக் காட்டினாள். அவள் என் சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டதுதான் எனக்குத் தாங்கவில்லை. சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே அறைக்குத் திரும்பக் கொண்டுவந்தேன்.

நவம்பர் 16, ஞாயிறு

டீக்கடையில் ஏகாம்பரம் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். அன்று நான் பேசியதற்கு அவன் கோபித்துக்கொள்ளவில்லை.

"சார், நா யார்கிட்டயும் வாயத் தொறக்கல. தொறக்கவும் மாட்டேன்."

"எதப் பத்தி?"

"இதுல இன்னா சார் வெக்கம்? எங்க நைனாக்கும் இப்டித்தான் ஆச்சு. அவுரு கட்டுமரத்துக்கு மோட்டார் வெச்சாரு. அப்பறம் நாங்க கூப்டா திரும்பவே மாட்டாரு. மெதப்புல இருக்கார்னு நெனச்சோம்."

"எனக்கு ஒண்ணும் இல்லய்யா" என்று சொல்லிவிட்டு டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். வழியெல்லாம் அவன்மேல் கோபம். அறைக்கு வந்து கதவைச் சாத்தி, கைக்கடிகாரத்தைக் கழற்றிக் காதில் வைத்துப் பார்த்தேன். முள் நகர்ந்துகொண்டிருந்தது.

நவம்பர் 18, செவ்வாய்

ஜனார்த்தனம் கூப்பிட்டு உட்காரச் சொன்னார்.

"ஆவுடை சார், உங்க டீசலுக்கு ஆயுசு கெட்டி. சொல்லாம கொள்ளாம நிக்கற மிஷினை எப்படி நம்பறது? நஷ்டக் கணக்கு வேற. அடுத்த புதன்கிழமை மீட்டிங்ல அந்தப் பெட்டிக் கம்பெனிக்கு நன்றி சொல்லி அனுப்பிடலாம். நீங்க ரிடையர் ஆகற வரைக்கும் உங்க நாலு எஞ்சினும் இங்கதான்."

"அந்தப் பொண்ணு?"

"அவங்க கம்பெனி அவங்களைக் கேக்கும். அந்த புளோயரைத் தேர்ந்தெடுத்ததே அவங்கதானாம்."

சந்தோஷப்பட வேண்டும். வேலை நிலைத்தது, எஞ்சின்கள் நிலைத்தன. அல்வா வாங்கலாம் என்று கடை வரை போனேன். யாருக்கு வாங்குவது? திரும்பி வந்துவிட்டேன்.

நவம்பர் 19, புதன்

எஞ்சின்களை ஓட்டினேன். நெஞ்சில் கேட்டது. காதில் கேட்டதா என்று தெரியவில்லை.

நவம்பர் 22, சனி

திருவான்மியூரில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மாடியில் காது பார்க்கிறார்கள். சும்மா பார்த்துவிட்டு, எனக்கு ஒன்றுமில்லை என்று ஏகாம்பரத்தின் முகத்தில் அந்தக் காகிதத்தை விசிறலாம் என்றுதான் போனேன்.

ஒரு சின்னக் கண்ணாடி அறை. தலையில் ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தாள் அங்கிருந்த பெண். சத்தம் கேட்கும்போதெல்லாம் அமுக்க வேண்டும். அவள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டாள். முதலில் தடித்த சத்தம் வந்தது, அமுக்கினேன். இன்னும் இரண்டு வந்தன, அமுக்கினேன். பிறகு ஒன்றும் வரவில்லை. ஆனால் அந்தப் பெண் ஒவ்வொரு தடவை சத்தம் அனுப்பும்போதும் அவளுடைய புருவம் லேசாக மேலே போவதைப் பார்த்துவிட்டேன். புருவம் ஏறியதும் அமுக்கினேன். அடுத்ததும் அப்படியே. எல்லாம் சரியாகத்தான் போயிற்று.

அவள் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தாள். பிறகு நாற்காலியைத் திருப்பிப் போட்டு, எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள்.

நான் பொத்தானைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். வெகு நேரம் காத்திருந்தேன். என்னை ஏன் இப்படி உட்கார வைத்திருக்கிறாள், ஆரம்பிக்க வேண்டியதுதானே என்று நினைத்தேன். அவள் திரும்பிப் பார்த்துக் கையால் முடிந்தது என்று காட்டினாள்.

காகிதத்தில் ஒரு கோடு, குளத்துப் படிக்கட்டு மாதிரி இறங்கிக்கொண்டே போயிற்று. அவள் அதன் கீழேயே தமிழில் எழுதிக் காட்டினாள்: 'தடித்த சத்தம் கேட்கும். மெல்லிய, கீச்சுச் சத்தம் கேட்காது. இது இன்று நேற்று வந்ததில்லை.'

"பேரிங் கத்துனா?" என்று கேட்டேன். அவளுக்குப் பேரிங் என்றால் என்னவென்று தெரியவில்லை.

"பச்சப்புள்ள அழுதா?"

யோசித்தாள். போனில் என்றால் கேட்காது என்று எழுதினாள். கருவி வைத்தால் கொஞ்சம் கேட்கும் என்றும் எழுதினாள். நான் கீழே இறங்கிவந்து படியிலேயே உட்கார்ந்து அழுதேன். கண்ணாடிக் கடைக்காரர் தண்ணீர் கொடுத்தார்.

டவர்மேல் பழி போட்டது, சுகிர்தா முனகுகிறாள் என்றது, ஏகாம்பரத்துக்கு எண்ணெய் விடச் சொன்னது எல்லாம் இந்த நோட்டிலேயே இருக்கிறது. புரட்டிப் பார்க்கத் துணிவில்லை.

நவம்பர் 24, திங்கள்

மூன்று பெட்டிகள் மட்டும் ஓடுகின்றன. காலைச் சுற்றில் கடைசிக் கட்டத்தைத் தொடாமல் விட்டேன். டேப்லெட் விடவில்லை. இரண்டில் ஒன்றைத் தொட்டால்தான் அடுத்த பக்கம் போகுமாம். ஏகாம்பரத்தை உள்ளே கூட்டிவந்து நிறுத்தி, "என்ன கேக்குது சொல்லுய்யா" என்றேன்.

"காத்து சத்தம் மட்டும் சார். நல்லாத்தான் கீது."

தொட்டேன்.

நவம்பர் 25, செவ்வாய்

வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஏகாம்பரம் சொல்ல மாட்டான். எஞ்சின்கள் இருக்கும், நானும் இருப்பேன். வாயைத் திறந்தால், காது கேட்காதவனை எந்த எஞ்சின் பக்கமும் விட மாட்டார்கள். நானாக இருந்தாலும் விட மாட்டேன். அப்புறம் கோயம்புத்தூர் போய் மாப்பிள்ளை வீட்டு ஹாலில் உட்கார்ந்து, எல்லாரும் பேசுவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

ஆனால் பேரிங் கத்தியிருக்கிறது. உதவி கேட்டு நாள் கணக்கில் கத்தியிருக்கிறது. அதன்மேல் கையை வைத்துக்கொண்டு நான் இயல்பு என்று தொட்டிருக்கிறேன். அந்தப் பெண் என் காதை நம்பி ஊருக்குப் போனாள்.

பிரமுவிடம் போனில் சொல்லலாம் என்று எடுத்தேன். சொன்னால் அவள் ஏதாவது சொல்வாள். அது எனக்குக் கேட்காது. வைத்துவிட்டேன்.

நவம்பர் 26, புதன்

மீட்டிங். நீள மேஜை, சுற்றிலும் ஆட்கள், எதிரே திரை. நீலக் கம்பம் சிவப்புக் கோட்டுக்கு மேலே நின்றது. ஜனார்த்தனம் பேசினார். பிறகு சுகிர்தா எழுந்து திரையைப் பார்த்தபடி பேசினாள், அதனால் எனக்கு ஒரு சொல்லும் வரவில்லை. அவள் உட்கார்ந்ததும் நான் எழுந்தேன்.

"மிஷின் மேல தப்பில்ல. அந்த பேரிங் அஞ்சு நாளாக் கத்தியிருக்கு. கேட்டுல நிக்கிற ஏகாம்பரத்துக்குக் கேட்டுருக்கு. ரெண்டு தடவ எங்கிட்ட வந்து சொன்னான், நாந்தான் அவன ஏசி அனுப்புனேன். நான் அதுக்குப் பக்கத்துலயே நின்னேன். எனக்குக் கேக்கல. எனக்குக் காது கேக்காது. அன்னைக்கே தெரிஞ்சிருந்தா பேரிங்க மாத்திட்டு ஓட்டியிருக்கலாம், ஒண்ணும் நின்னிருக்காது."

திருவான்மியூர்க் காகிதத்தை மேஜைமேல் வைத்தேன். எல்லாரும் நாற்காலியோடு பின்னால் சாய்ந்திருந்தார்கள். கத்திவிட்டேன் போலிருக்கிறது. என் சத்தம் எவ்வளவு என்று எனக்கே தெரிவதில்லை.

பிறகு எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். ஒரு வாயைப் பார்ப்பதற்குள் இன்னொரு வாய் அசைந்தது. ஜனார்த்தனம் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு என்னவோ சொன்னார். சுகிர்தா என்னைப் பார்த்தாள். அவளுடைய உதட்டில் 'அண்ணாச்சி' என்பது மட்டும் பிடிபட்டது, அதற்குப் பின்னால் வந்தது பிடிபடவில்லை. மறுபடி சொல்லச் சொல்லிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

கணக்குப் பார்ப்பவர் கம்ப்யூட்டரில் தட்டினார். நின்றுபோன நாட்களை 'இயந்திரக் கோளாறு' என்ற தலைப்பிலிருந்து எடுத்து 'பணியாளர் தவறு' என்ற தலைப்பின் கீழே போட்டார். திரையில் நீலக் கம்பம் மெல்லக் குறைந்து, சிவப்புக் கோட்டுக்குக் கீழே வந்து நின்றது. எல்லாரும் அதைத்தான் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். பியூயல் செல்தான் மலிவு என்று ஆகிவிட்டது. சுகிர்தா கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அதன்பிறகும் வெகு நேரம் பேசினார்கள். என்னைப் பற்றியா, எரிவாயுக் குழாயைப் பற்றியா என்று தெரியவில்லை. இரண்டு பேர் என் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்கள், நானும் ஆட்டினேன். என்னைப் பற்றி என்ன முடிவானது என்று திரையில் போடவில்லை. நாற்காலிகள் பின்னால் நகர்ந்தன. எல்லாரும் எழுந்தார்கள். நானும் எழுந்தேன்.